ரிவால்வருக்கு ஊட்டிய களி

கைக்குத் தகுந்தபடி துப்பாக்கியைச் செய்ய ஆரம்பித்த அன்றைக்கே மனித குலத்தின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது என்றார் ஏட்டு மாதேஸ்வரன். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஆயுதப்படையின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் அவர், மாரண்டஹள்ளிக்காரர். எண்ணெய்த் துணி சுற்றிய கம்பியை ஒரு ரிவால்வரின் குழலுக்குள் விட்டு இழுத்தபடியே உலக வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"வெள்ளக்காரன் எவன் கையப் பாத்து செஞ்சான்? ஊரு ஒலகத்துக்கே ஒரே அளவு. அத வெச்சு சுட்டுத்தான் நாட்டப் புடிச்சான்."

கிடங்கு வாசலில் பாரா நின்ற இன்னாசி, "அவன் நம்மளத்தானுங்களே சுட்டான், ஏட்டய்யா" என்றார்.

"யாரச் சுட்டாங்கறது வேற விஷயம். குறி தப்புச்சா?"

இந்தச் சொற்பொழிவுக்குக் காரணமான காவலர் யுவராணி கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். பயிற்சி முடிந்து ரிவால்வரை ஒப்படைக்க வந்தவள். கையில் இலக்குத் தாள் இருந்தது. அதில் அச்சடித்திருந்த ஆளுக்கு இடது தோளிலும் அக்குளிலும்தான் ஓட்டைகள். நெஞ்சு புத்தம் புதிதாக இருந்தது.

"கைப்பிடி பெருசுங்க, என் கை சின்னது. ஒவ்வொரு வேட்டுக்கும் துப்பாக்கி கைக்குள்ளயே நழுவுதுங்க. விசை வளையத்துக்குப் பின்னால, கைப்பிடிக்கு முன்னால சந்து இருக்குதில்லீங்களா, அங்க ஏதாச்சும் வெச்சு அடச்சுக் குடுத்தீங்கன்னா..."

"இன்னிக்கி அடைக்கச் சொல்லுவ. நாளைக்கு மருதாணி வெக்கச் சொல்லுவ."

"மண்டலப் போட்டியில பாத்தனுங்க. அவங்கவங்க கைக்குன்னே செஞ்சு வெச்சிருந்தாங்க. கொழலே கடப்பார கனம். குறி பாக்க மேல நீளமா ஒரு கட்ட. கைப்பிடியில வெரலு வெரலாக் கொடஞ்சிருந்துச்சு."

அப்படி ஒன்று கிடங்கிலேயே இருந்தது. எப்போதோ மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியின் கைக்காகச் செய்த போட்டி ரிவால்வர், வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருந்தது. போட்டியில் அதிகாரிகள் பிரிவுக்கு மட்டும். கெஞ்சிக் கேட்டு அதை ஒருமுறை பிடித்துப் பார்த்திருக்கிறாள் யுவராணி. அவர் விரல்களுக்குக் குடைந்த பள்ளங்களுக்கு நடுவே இருந்த மேடுகளில்தான் இவள் விரல்கள் போய் உட்கார்ந்தன.

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வு. அணியில் இடம் கிடைத்தால் பயிற்சி முகாம், போட்டி, வேறு பணி கிடையாது. கிடைக்காவிட்டால் இப்போது பார்க்கும் அதிகாரி பங்களாப் பாதுகாப்புதான். ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் அங்கே ரோஜாச் செடிகளையும், வயிறு சரியில்லாத ஒரு நாயையும் பாதுகாத்துக்கொண்டிருந்தாள். நல்லம்பள்ளி ரோட்டில் அந்த நாய் அவளை இழுத்துக்கொண்டு போவதை மாதேஸ்வரனே பார்த்திருக்கிறார்.

"கைதான் துப்பாக்கிக்குப் பழகணும்" என்று அவர் ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கிடங்கைத் திறந்தபோது எறும்புகள் அவருக்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தன. சுவரோரமாக வரிசை கலையாமல் வந்து, ரைபிள்களை மதிக்காமல் தாண்டி, ஒரே ஒரு ரிவால்வரில் குவிந்திருந்தன. விசை வளையத்துக்குப் பின்னால் இருந்த இடுக்கில் பழுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. ஊசியால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். ராகி.

யுவராணியை வரச்சொன்னார்.

"என்னம்மா இது?"

"களிங்க."

"அது தெரியுது. அரசாங்க ஆயுதத்துல களிக்கு என்ன வேல?"

"துணியில சுத்தி அந்த சந்துல அடச்சனுங்க. மொதல்ல சப்பாத்தி மாவு வெச்சுப் பாத்தேன், நிக்கல. களிதானுங்க நின்னுச்சு. தொடச்சுட்டுத்தான் குடுத்தேன், உள்ள இருந்தது தெரியலீங்க."

"கீரக் கொழம்பு ஊத்துனியா?" என்று வாசலிலிருந்து இன்னாசி கேட்டார்.

"நீ பாராவப் பாருய்யா!"

யுவராணி முந்தின நாள் தாளை விரித்தாள். நெஞ்சில் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குள் எல்லா ஓட்டைகளும் அடங்கியிருந்தன. மாதேஸ்வரன் தாளை வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பிடித்தார்.

"நேத்து காத்தடிக்கல. அதான்."

"ரூமுக்குள்ள அடிக்கலீங்கய்யா. ரேஞ்சுல நல்லா அடிச்சுது."

"எதுத்துப் பேசாத. மெமோ குடுத்தா என்னாகும் தெரியுமா?"

"குடுங்கய்யா. ஆனா சனிக்கெழம கழிச்சுக் குடுங்க." தாளை மடித்த அவள் கையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அவர் மெமோ எழுதவில்லை. பேனா எழுதவில்லை என்று இன்னாசியிடம் சொன்னார். சட்டைப் பையில் வேறு இரண்டு பேனாக்கள் இருந்தன.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, உருட்டிய களியில் தன் விரல்கள் நான்கும் பதிந்திருப்பதை வழக்கத்துக்கு மீறிய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கல்லு கெடக்குதா?" என்றாள் மனைவி நிர்மலா.

"இல்ல. நல்லாத்தான் நிக்குது."

வெள்ளிக்கிழமை இன்னாசிக்கு நாற்காலி இல்லை. ஏற்கெனவே ஒரு கால் ஆடிக்கொண்டிருந்த தேக்கு நாற்காலி. தேடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் உளியும் உப்புத்தாளும் கிடந்தன. மாதேஸ்வரன் முழங்கை வரை மரத்தூளாக இருந்தார்.

"என்ன பண்றீங்க ஏட்டய்யா?"

"துரு எடுக்கறன்."

"மரத்துலயா?"

"நீ எப்பய்யா ஆர்மரர் ஆன?"

சனிக்கிழமை ஆண்கள் எல்லாரும் சுட்டு முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் யுவராணி ஓடி வந்தாள். நாய் வாந்தி எடுத்துவிட்டதாம். காலணியில் ரோஜாப் பாத்தியின் சேறு.

மாதேஸ்வரன் ரிவால்வரை நீட்டினார். "தொடச்சு வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

அவள் பிடித்தாள். விசை வளையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தேக்குத் துண்டு, பித்தளைத் தகட்டில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துப்பாக்கியில் ஒரு கீறல் இல்லை. கழற்றினால் பழையபடி ஆகிவிடும். நடுவிரல் போய் அதன் வளைவில் படுத்துக்கொண்டது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த மலையைப் பார்த்தார்.

நின்று சுட்டாள், மண்டியிட்டுச் சுட்டாள், மறைப்புப் பலகையின் ஓரத்தில் இடது கையாலும் சுட்டாள். துப்பாக்கி நழுவவில்லை. பெயர்களை வாசித்தபோது அணியின் கடைசி இடத்தில் அவள் பெயர் இருந்தது. "களி கெலிச்சுருச்சு!" என்று இன்னாசி கத்தியதற்கு ஆய்வாளர் விளக்கம் கேட்டார். மாதேஸ்வரன் அவசரமாக, "அது அவரு ஊருப் பேச்சுங்கய்யா" என்றார். முகாம் அடுத்த மாதம்தான். அதுவரை பங்களாவுக்கே போகச் சொன்னார்கள். போனாள், ஆனால் சிரித்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை கிடங்கின் கதவு பாதி சாத்தியிருந்தது.

"யாராச்சும் கேட்டா ஸ்டாக் எடுக்கறன்னு சொல்லு" என்று மாதேஸ்வரன் இன்னாசியிடம் சொல்லியிருந்தார். உள்ளே காவலர் சோபனா மேசைமேல் கையை விரித்து வைத்திருந்தாள். அடுத்துக் காத்திருந்த பிரியதர்ஷினி தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அசைக்காதம்மா. வெரல ரொம்ப அகட்டாத."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பழைய இலக்குத் தாளின் பின்பக்கத்தில் சோபனாவின் விரல்களைச் சுற்றி மெதுவாகக் கோடு போட்டார். பிறகு தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அச்சடித்த ஆளின் அகன்ற நெஞ்சு தாளுக்குள்ளிருந்து தெரிந்தது. அதன்மேல், பாதியைக்கூட மூடாமல், ஒரு சின்னக் கை.