அடித்தகட்டில் ஒரு வரி

என் தம்பி கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடலாம் என்று அவன் மனைவி சொன்னபோது நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வாங்க வருகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். திறந்து பார்த்து, வேலை சுத்தம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். விலை அவர் சொல்வதுதான்.

காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பெட்டியைத் தொட்ட கையோடு விழுந்து செத்தான் என் தம்பி. பாகங்களைக் 'கிட்' என்கிற ஒரே கட்டாக வாங்கி, படத்தைப் பார்த்துத் தானே கட்டிய பெட்டி. "அரைகுறை வேலை, கட்டினவனையே அடிச்சிடுச்சு" என்று தெருவில் பேசினார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அரைகுறை வேலை செய்தவன் கிடையாது. ஆகவே அந்தப் பேச்சுக்கு நான் வேறொரு பதில் வைத்திருந்தேன். அன்று காலை தம்பி மனைவி தரையைத் துடைத்திருந்தாள். ஈரத் தரை, வெறுங்கால். "ஈரத்துல ஆளை நடக்க விடலாமா?" என்று துக்கம் கேட்க வந்த அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கேட்டேன்.

தம்பி வீட்டுக்கு வாங்க வந்தவர் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்டிகள் வாங்குகிற வட்டத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவர் கண்ணில் ஒரு தூசியும் தப்பாதாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தன் கால்தடத்தைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. தரையைக் கூட்டியிருந்தாளே தவிர, துடைத்துப் பல நாளாகியிருக்க வேண்டும்.

"பாட வச்சுக் காட்டவா?" என்றேன்.

"பாட்டெல்லாம் அப்புறம் சார். எவன் பெட்டியும் பத்து நிமிஷம் நல்லாத்தான் பாடும். முதல்ல வயித்தைக் காட்டச் சொல்லுங்க."

மேசைமேல் துண்டை மடித்துப் போட்டு, கண்ணாடி வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியைக் குழந்தையைப் புரட்டுவதுபோல் புரட்டினார். நான்கு திருகுகள். அடித்தகடு கையோடு வந்தது. அதன் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து.

"டைரியே எழுதி வச்சிருக்காரே!" என்று சிரித்து, தகட்டைத் தம்பி மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

சல்லடை ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் நெம்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். என் நீதிமன்றப் பணிக்காலத்தில், தீர்ப்பு வாசிக்கப்படும்போதுகூட இப்படி உட்கார்ந்ததில்லை.

"ஈயத்தைப் பாருங்க. உருண்டு நிக்கல, ஓடிப் படிஞ்சிருக்கு. இந்த ரெண்டு ஒயரையும் சடை பின்னின மாதிரி முறுக்கியிருக்கார். ஓட்டை வழியா ஒயர் போற இடமெல்லாம் ரப்பர் வளையம். கிட்டுல வர்ற சாமான் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ஒரே துணி, நூறு தையக்காரன். இவர் நல்ல தையக்காரர்."

"எங்க வீட்டு வேலை" என்றேன். தம்பி மனைவியைப் பார்த்துத்தான் சொன்னேன். கேட்டாயா என்பதுபோல.

"எர்த் போல்டு பத்தி என்ன எழுதியிருக்காருன்னு பாரும்மா."

அவள் தேடி வாசித்தாள். "பெயிண்ட் சுரண்டி இறுக்கினேன். இரண்டு முறை சோதித்தேன்."

"அப்படித்தான் செய்யணும்." மீட்டரை எடுத்து ஒரு முனையைப் பெட்டியின் உலோக உடம்பிலும் மறுமுனையைப் பிளக்கில் எர்த்துக்கான பெரிய ஊசியிலும் வைத்தார். இணைப்பு இருந்தால் அது கத்த வேண்டும். கத்தவில்லை. மறுபடி வைத்தார். பிறகு மின்சாரம் வரும் ஊசியில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள கரண்ட் கசிஞ்சு பெட்டி உடம்புக்கு வந்திருக்கு. அது கம்பெனி சரக்கு, இவர் குத்தமில்ல. ஆனா எர்த் இருந்தா கசிவு நேரா மண்ணுக்குப் போயிருக்கும். தொட்டவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. எர்த் எங்க போச்சு?"

பிளக்கைத் திருகினார். நிமிர்த்தியிருந்த முதுகை நான் நாற்காலியில் சாய்த்தேன்.

உள்ளே இரண்டு ஒயர்கள் ஒழுங்காக இறுக்கப்பட்டிருந்தன. எர்த்துக்கான பச்சை ஒயர் மட்டும் வெட்டப்பட்டு, ஓரமாக மடங்கிக் கிடந்தது.

"இது கட்டர் வெட்டு இல்ல. பேப்பர் வெட்டுற கத்தரி. எலி கடிச்ச மாதிரி மென்னு வெட்டியிருக்கு" என்றார். பிறகு, செத்தவனுக்கு மரியாதையாக, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தம் தாங்காம அவரே வெட்டியிருப்பார் சார். இந்தப் பெட்டிங்க உர்ருனு உறுமும். எர்த்தை வெட்டினா சில சமயம் அடங்கிடும். பெரிய பெரிய கைகாரங்களே பண்ற தப்புதான். போகட்டும்."

நான் தலையை அசைத்தால் போதும். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

தம்பி இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய மேலதிகாரி பாட்டுக் கேட்க இந்த வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டி உறுமியது. "உன் தம்பி உள்ள எருமை கட்டி வச்சிருக்கானா?" என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவன் மூன்று வாரம் உள்ளே ஒயர்களைப் பிரித்துப் பிரித்துக் கட்டினான். நான் தெருமுனை ரேடியோக் கடைக்காரனைக் கேட்டேன். "பிளக்குல பச்சையை வெட்டி விடுங்க சார், ஊமையாயிடும்" என்றான். தம்பி குளிக்கப் போயிருந்த நேரத்தில் வெட்டினேன். என் வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசைக் கத்தரிக்கோல்தான். பெட்டி ஊமையானது. அடுத்த பதினோராம் நாள் அவன் விழுந்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அதுவரை நான் என்னை அனுமதித்ததில்லை.

"கடைசி வரி" என்றாள் தம்பி மனைவி. தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தாள். "இரைச்சல் போய்விட்டது. உள்வயரிங்கை மாற்றியதுதான் காரணம். அண்ணன் கேட்டுவிட்டு, இப்போதுதான் நம் வீட்டுப் பொருள் என்றார்."

நிமிர்ந்து சல்லடையைப் பார்த்தாள். "ஒயரை வெட்டினது அவருன்னா, உள்ள மாத்தினதாலதான் போச்சுன்னு எதுக்கு எழுதணும்?"

சல்லடை மீட்டர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அவன் வேலையில் குறை என்று இன்னொரு முறை ஒருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பதா? அதுவும் அவன் செய்யாத குறையை?

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

தம்பி மனைவி தகட்டைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. தன் வேலையாலதான் அடங்குச்சுன்னு நெனச்சான். நானும் அப்படியே விட்டுட்டேன்."

"ஈரத் தரைன்னு சொன்னீங்களே, பெரியத்தான்." குரல் உயரவில்லை. "எத்தனை பேரு முன்னாடி சொன்னீங்க? எங்க அம்மாவே என்கிட்ட வந்து, ஏண்டி துடைச்சேன்னு கேட்டா. எட்டு மாசம். இந்த வீட்ல ஈரத்துணி எடுக்கவே கை வரல எனக்கு."

நாற்பது வருடம் நீதிமன்றத்தில் பிறர் வாக்குமூலங்களை எழுதி எடுத்தவன் நான்.

அவள் அலமாரியிலிருந்து தம்பியின் பென்சிலை எடுத்து வந்து, தகட்டை என் முன் வைத்தாள். "இதையும் எழுதுங்க. அவர் எழுதினதுக்குக் கீழ."

எழுதினேன். 'பிளக்கில் பச்சை ஒயரை வெட்டியவன் அண்ணன். கட்டியவனுக்குத் தெரியாது.' தேதி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். சல்லடை அதை வாசித்துவிட்டு, நான்கு திருகுகளையும் போட்டு மூடினார்.

"டிரான்ஸ்ஃபார்மரை மாத்தி, எர்த் போட்டு வச்சுக்கறேன்மா. வேலை சுத்தம். எங்க கேட்டாலும் சொல்லுவேன்" என்றார் அவளிடம். என்னைப் பார்க்கவில்லை. பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

நான் கேட்க வந்த சொல் அதுதான். கிடைத்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

தம்பி மனைவி பின்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம். வாளியும் துணியுமாக வந்து, பெட்டி இருந்த மூலையில் மண்டியிட்டுத் துடைக்கத் தொடங்கினாள். தூசி கருப்பாகக் கரைந்தது. இரண்டு முறை துணியைப் பிழிந்தாள். ஈரம் மூலையிலிருந்து நகர்ந்து என் நாற்காலி வரை வந்தது.

"காலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். என் செருப்பு வாசலுக்கு வெளியே இருந்தது. அதுவரை ஈரத்தில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டியிருந்தது.