தாழ்ப்பாள் போட்ட மூன்று நிமிடம்

வகுப்பில் அவளுக்குப் பேர் ‘கைடு’. எந்தக் கேள்வி கேட்டாலும் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அந்தக் கைடுதான் கணினி அறையில், தானே எடுத்த மூன்று நிமிட வீடியோவின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எதைப் பத்தியும் எடுக்கலாம், எப்படியும் எடுக்கலாம்.” மேடம் கொடுத்த வேலை அவ்வளவுதான். எதைச் செய்தாலும் கைதட்டும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது விளையாட்டு. இவள் வீட்டில் ‘என்ன வேணா பண்ணித் தொலை’ என்பது சண்டையின் கடைசி வரி.

மரம் வளர்ப்பது பற்றி முதலில் ஒன்று காட்டினாள். நெட்டில் எடுத்த படங்கள், மேலே அவள் குரல். மேடம் பாதியில் நிறுத்தினார்.

“இதை யார் வேணா பண்ணியிருக்கலாம். இதுல நீ எங்கம்மா இருக்க?”

“என்ன வேணும்னு சொல்லுங்க மேடம், செஞ்சுட்டுப் போறேன்.”

“நான் சொன்னா அது என் வீடியோ.”

இதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். நின்றால், தான் வேலை பார்க்கும் கடையிலேயே பில் போட உட்கார வைத்துவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

உணர்ச்சி போதவில்லை போலிருக்கிறது என்று, அதே மரங்களை இன்னும் உருக்கமாகப் பேசி எடுத்து வந்திருந்தாள். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே கதவு குளியலறைக் கதவு. உள்ளே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துதான் பேசினாள். தேவை குரல் மட்டும். ஆனால் போனில் கேமராவை விட்டால் வேறெதில் பதிவு செய்வதென்று தெரியாததால் கதவும் பதிவாகியிருந்தது.

அரை மணியில் அப்லோடு செய்யும் நேரம் முடிந்துவிடும். ஓட்டிப் பார்த்தாள்.

‘மரங்கள் நமது...’ டம் டம்.

“ஏய், வேலைக்கு நேரமாச்சு! உள்ள என்ன மாநாடா நடக்குது?”

“போண்ணா! மறுபடி முதல்லேர்ந்து பேசணும்.”

“விடுடா, புள்ள பரீட்சைக்குப் படிக்கிறா.” அம்மா குரல்.

“பரீட்சைன்னா எழுதிக் கிழிச்சிருப்பேன்மா! இது என்ன எழவுன்னே தெரியலை!”

டம் டம் டம். தாழ்ப்பாள் ஆடியது.

வெட்டி எறிய வேண்டிய இடம். மவுஸைத் தொட்டவள் நின்றாள். மரங்களைப் பற்றி உருகுவது யாரோ. கதவு இடிபடும்போதுதான் அவள்.

இதை வகுப்பில் போட்டால் குளியலறை, அண்ணன் வாய், வீட்டு லட்சணம் எல்லாம் சந்தி சிரிக்கும். சிரிக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மரங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

மறுநாள் திரையில் முதல் இடிக்கே பின்வரிசை சிரித்தது. மாநாட்டுக்கு வகுப்பே சிரித்தது. நகம் உள்ளங்கையில் பதிய உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாள் ஆட ஆட, சிரிப்பு மெல்லக் குறைந்தது. மேடம் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை.

“கதவைத் திறந்தியா?”

“பேசி முடிச்சுட்டுத்தான் திறந்தேன். அண்ணன் குளிக்காமலே போயிட்டான். பாஸா இல்லையா, அதைச் சொல்லுங்க மேடம்.”

“பாஸ்தான். அடுத்தது எதைப் பத்தி?”

என்ன வேணும்னு சொல்லுங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“எங்கண்ணன் கடை. பில் போடுற இடம்.”