மேல்மாடியில் மூன்று தொகுதிகள்

வாலாஜாபாத் பக்கம் கூலிக்காரர் பிள்ளைகளுக்காக ஒரு காலத்தில் நடந்த பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் சுகாசினியின் ஆராய்ச்சி. காஞ்சிபுரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் கணினியில் எப்படித் தேடினாலும் ஒன்றும் சிக்கவில்லை. ஒருநாள் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலில் அடித்துப் பார்த்தாள். அந்தப் பள்ளிகளை நடத்திய கிறிஸ்தவ மிஷன் பத்திரிகையின் மூன்று தொகுதிகள் திரையில் வந்தன. வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அதை முதலில் சொன்னது சத்யராஜிடம். சின்ன வயதிலிருந்து ஒரே தெரு, இப்போது ஒரே துறையில் ஆராய்ச்சி. "சேர்ந்தே எழுதலாம்பா" என்று நூல் எண்களையும் அனுப்பி வைத்தாள்.

மறுவாரம் போனால் அலமாரியில் அந்த இடம் காலி.

"நான் விசாரிச்சிட்டேன். செல்லரிச்சுப் போச்சுன்னு தூக்கிட்டாங்களாம்" என்றான் சத்யராஜ். அவள் முகம் வாடியதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தான். அவன் சொன்ன பிறகு வேறு யாரைக் கேட்க வேண்டும்? ஆதாரம் கையில் இல்லாததால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து நூலக ஊழியர் நஸ்னீன் பேச்சுவாக்கில் கேட்டார். "அந்த மிஷன் பத்திரிகையை நீங்க படிக்கலையாம்மா? உங்க ஃப்ரெண்டு அதைத்தானே தினம் படிச்சிக்கினு இருக்காரு. எடுத்த இடத்துல நானே வெச்சிடறேன்னு சொல்வாரு."

"எங்க உக்காந்து படிப்பான்?"

"மேல, பாட்டனி ரேக்குகிட்ட."

யாரும் ஏறாத மாடி. தாவரவியல் புத்தகங்களுக்குப் பின்னால் மூன்றும் இருந்தன. செல்லும் இல்லை, கிழிசலும் இல்லை. சுகாசினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்போடு சத்யராஜ் வந்தான். அவளைக் கண்டதும் நின்றான்.

"செல்லரிச்சதுன்னு சொன்ன."

அவன் கீழே பார்த்தான். "கட்டுரை அனுப்பிட்டேன் சுகா. அடுத்த மாசம் வருது. எங்க தாத்தாவும் அந்த ஸ்கூல்தான், தெரியும்ல? நீ மட்டும்தான் எழுதணுமா?"

"சேர்ந்து எழுதலாம்னு யார் சொன்னது?"

"ரெண்டு பேர் போட்டா என்னுதுன்னு யார் சொல்வாங்க?"

அவள் குரல் உயரவில்லை. "எனக்கு அன்னிக்கு டீ வாங்கித் தந்தியே, அப்பவும் இது இங்கதான் இருந்துச்சா?"

அவன் லேப்டாப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். திருடியதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். அன்று அவ்வளவு பரிவாக அவன் ஆறுதல் சொன்னதுதான் ஆறவில்லை.

மூன்றையும் சுமந்துகொண்டு கீழே போய், நடந்ததை நஸ்னீனிடம் சொன்னாள். பிறகு வாசிப்பு மேசையில் முதல் தொகுதியைத் திறந்தாள். வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியின் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கண்ணில் நீர் முட்டி எழுத்து கலைந்தது. துடைத்துக்கொண்டு முதல் பெயரை எழுதத் தொடங்கினாள்.