சுத்தம் செய்த குரல்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து, ஆள் மாற்றி ஆள் வந்து அவரைப் பற்றி என்னிடமே சொல்கிறார்கள். கணிதத்தில் புலியாம், தொழிலில் சிங்கமாம். ஒரு காட்டையே வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது.

இன்று காலை கோந்து வந்தான். அவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கியவன். ஒட்டினால் விடமாட்டான் என்று அவர் வைத்த பெயர். உட்கார்ந்ததும் மடிக்கணினியை விரித்தான்.

"அண்ணி, நாளைக்கு நினைவுக் கூட்டத்துல அண்ணனே பேசப் போறார். அவரோட பழைய வகுப்புப் பதிவெல்லாம் மெஷினுக்குக் கொடுத்தோம். அச்சு அசல் அவர் குரல். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தவள் நான். போடச் சொன்னேன்.

அவரேதான். தன் தேற்றம் எப்படிக் கம்பெனியாக வளர்ந்தது என்று கடகடவெனச் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

அவர் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. கரும்பலகையில் பாதி எழுதியதும் நின்றுவிடுவார். "இரு, தப்பு" என்பார். அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். கம்பெனியை விலைக்கு வாங்க வந்தவர்கள் முன்னால் தன் நிரூபணத்திலேயே ஓட்டையைக் கண்டுபிடித்து, விற்காமல் திரும்பி வந்த மனுஷன். அன்று கோந்து தலையில் அடித்துக்கொண்டான். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதுகூடப் பாதியில் நிறுத்தி, "இரு, தப்பு" என்று முதலிலிருந்து கேட்டவர்.

"நடுவுல நிறுத்தவே மாட்டேங்கிறாரே?"

"அதுக்குத்தான் படாத பாடு பட்டோம் அண்ணி. இருமல், திக்கல், அந்த 'இரு, தப்பு' எல்லாத்தையும் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டோம்."

"வெட்டினதைப் போடு."

அவன் முகம் விழுந்தது. "அசல் பதிவுலயே வெட்டிட்டாங்க. வேற பிரதி இல்ல அண்ணி."

கத்தத் தோன்றியது. தெம்பில்லை. மடிக்கணினியை மூடி அவன் பக்கம் தள்ளினேன்.

"இது வேண்டாம். நானே பேசறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, அந்த 'இரு, தப்பு'வை அவர் எப்படிச் சொல்வார்? ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன். இதையே கேட்டுக் கேட்டு எனக்கு மறந்துபோச்சு."

இது ஒரு பெரிய விஷயமா என்று வாயைத் திறந்தேன். காதுக்குள் அந்தச் சுத்தமான குரல் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.