ஒர்னெல்லாவின் கூடத்துத் தரை

வெனிஸில் ஆகஸ்ட் மாத நண்பகல். ஒர்னெல்லா, பக்கத்து ஊரான மெஸ்த்ரேயிலிருந்து வந்த தங்கை வாண்டாவுக்குக் கதவைத் திறந்தவுடன், வா என்று சொல்வதற்கு முன்பே இரண்டு கம்பளித் துண்டுகளை அவள் காலடியில் போட்டாள். அந்த வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, கம்பளியில் கால் வைத்துச் சறுக்கித்தான் போக வேண்டும். தரைக்கும் மெருகு ஏறும், வந்தவர்களிடம் வேலையும் வாங்கிய மாதிரி இருக்கும்.

வாண்டா சறுக்கினாள், தடுமாறினாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, கூடமே சாஞ்சு கெடக்குக்கா!”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான் சாஞ்சிருக்கு. உன்னைத் தவிர யாரும் விழலை.”

வீடு இருவருக்கும் பொது. கூடத்துத் தரைமேல் மரப்பலகை ஒட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று வாண்டா ஒற்றைக்காலில் நின்றாள். அளவெடுக்கத் தச்சர் பெப்பி இன்று மாலை வருகிறார். பசை பட்டால் அடியில் இருக்கும் டெராஸோ அதோடு தொலைந்தது. சுண்ணாம்பில் சிவப்பும் பச்சையுமாக மார்பிள் சில்லுகள் பதித்து, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய தரை அது. ஒர்னெல்லா விடுவதாக இல்லை.

“மெஸ்த்ரேல உன் வீட்டுக்குப் போட்ட தரை இது எத்தனாவதுடி?”

“மூணாவது. கம்பளம் நாறிப்போச்சு. பிளாஸ்டிக் உரிஞ்சுது. இப்போ போட்ட பலகையும் உப்பிக்கிட்டு வருது. அதுக்கென்ன?”

“ஏசி?”

“ராத்திரி பகலா ஓடுது. கரண்டு பில்லைப் பாத்தா என் வீட்டுக்காரர் மூணு நாள் பேச மாட்டார்.”

“இங்க ஏசியே கிடையாது. விரிசல் விட்டா அதே சுண்ணாம்பைப் பூசித் தேய்ப்போம், அவ்வளவுதான் செலவு. குளிர்காலத்துல வெயில் விழுந்த இடம் பொழுது சாஞ்சும் கதகதன்னு இருக்கும்.”

“ஆமா, நீயும் உன் தரையும்!” என்று வாண்டா உதட்டைப் பிதுக்கினாள்.

வினிகரில் ஊறிய மத்தி மீனும் வெங்காயமும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். வேர்வை தாங்காமல் வாண்டா செருப்பை உதறினாள். பாதத்துக்குத் தரை ஜில்லென்று இருந்தது. இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தவள், கௌரவத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கன்னம் பதியக் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள்.

ஒர்னெல்லா எழுப்பவில்லை. நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையில் அவளுக்குக் கண் கலங்கியது.

மணி அடித்தது. வாசலில் பெப்பி, கையில் அளவு நாடாவோடு.

வாண்டா எழுந்திருக்கவில்லை. கண்ணைக்கூடத் திறக்காமல் கத்தினாள்: “பெப்பி அண்ணே! எங்க மெஸ்த்ரே வீட்டு உப்பின பலகையைப் பேத்தெடுக்க எப்போ வருவீங்க?”