ஈரத் தரையில் ஊற்ற மாட்டேன்
வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'கறார்'. தரையைச் சமன்செய்யும் கலவையை ஊற்றுவதில் இருபது வருடப் பழக்கம். அந்தப் பல் மருத்துவமனைக் கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்திருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனிடமும் அவள் கறார்தான்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, முந்தின நாள் கான்கிரீட்டின் மேல் நான்கு இடங்களில் பாலித்தீன் தாளை விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். காலையில் பிரித்துப் பார்த்தால், மூன்று தாள்களின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். கான்கிரீட்டும் அங்கே கறுத்துக் கிடந்தது.

"இன்னைக்கு ஊத்த முடியாது. இன்னும் மூணு வாரமாவது காயணும். இல்லாட்டி ஈரத்தைத் தடுக்கிற பூச்சு வாங்கிக் குடு, அடிச்சிட்டு ஊத்தறேன்."

"அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்? அடுத்த வாரம் மரத்தரை போட ஆளு வருது. தொட்டுப் பாரு, எலும்பா காஞ்சிருக்கு."

"மேல காஞ்சிருக்கு. உள்ள குடிச்ச தண்ணி எங்கடா போகும்? நீ மூடினா முட்டிக்கிட்டு மேலதான் வரும். கலவை உரியும், மரம் உப்பும்."

"உலகத்துலயே உனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்!" அவன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "கலவை மூட்டையப் பிரிங்கப்பா."

ஆட்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் கலவை கலக்கும் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என் மிஷின், என் கை. ரெண்டுக்கும் இன்னைக்கு லீவு."

"நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்காதக்கா."

"தரை பேந்து வந்தா நாலு பேர் இல்லடா, ஊரே பாக்கும்."

வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவின் போன். "கூடப் பிறந்தவன்டி, கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?"

"நான் விட்டுக்குடுப்பேம்மா. ஈரம் விட்டுக்குடுக்காதே!"

சொல்லிவிட்டாளே தவிர, பயமும் இருந்தது. தம்பி கைவிட்டால் வேறு வேலை உடனே கிடைக்குமா? ஆனாலும் திரும்பிப் போகவில்லை. மத்தியானமே அவன் வேறு ஆட்களைக் கூட்டிவந்து முன்னறையில் ஊற்றிவிட்டான் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், நேராக அந்தக் கட்டடத்தைக் கட்டச் சொன்ன பல் டாக்டரம்மாவின் பழைய கிளினிக்குக்குப் போய், கையோடு அவரைக் கட்டடத்துக்கு அழைத்து வந்தாள். தம்பியின் கண் முன்னாலேயே உள்ளறையின் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டரம்மா விரலால் தடவினார். விரல் நனைந்தது.

"உள்ளறையில யாரும் கை வைக்காதீங்க. காயற வரைக்கும் நான் பொறுத்துக்கறேன்," என்றார்.

"என்னைக் கேக்காம டாக்டரம்மாகிட்டயே போயி வேலிய தாண்டிட்டல்ல?" என்று பல்லைக் கடித்தான் தம்பி.

"ஆமா, தாண்டிட்டேன்."

நான்காவது வாரம் உள்ளறை காய்ந்திருந்தது. முன்னறையில் சுத்தியலால் தட்டினால் பொக்கென்று சத்தம். ஓரத்தில் கலவை பொருக்காகப் பெயர்ந்து நின்றது. தம்பி உளியை அவளிடம் நீட்டினான்.

"நீ ஊத்தின தரை. நீயே உடை," என்றாள் அவள்.

உள்ளறைக்குப் போய்க் கலவை மூட்டையைப் பிரித்தாள். முன்னறையில் உளிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அன்று முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. அவளும் அதற்காக வேலையை நிறுத்தவில்லை.