ஏழாம் நம்பர் வீட்டுச் சிவப்பு விளக்கு

பதினான்கு வயதில் வந்த காய்ச்சலில் பிரகதீஸ்வரிக்குக் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். புதுக்கோட்டையை ஒட்டிய அரசுக் குடியிருப்பில், தரைத்தளத்து ஏழாம் நம்பர் வீட்டில் மகள் ஹரிணியோடு இருந்தாள். தையல்தான் பிழைப்பு.

ஆனி மாதம் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளில் வசதி செய்து தர ஆட்கள் வந்தார்கள். அவள் வீட்டுக்குள் ஒரு சிவப்பு விளக்கு மாட்டினார்கள். வாசல் சுவிட்சை அமுக்கினால் அது மின்னும். அன்று கரண்ட் இல்லை. போட்டுக் காட்டாமலே போய்விட்டார்கள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு விளக்கு மின்னியது. கதவைத் திறந்தாள். யாருமில்லை. மதியம் இன்னொரு தடவை. ஒரு வாரமாக இதே கதை. ஹரிணி காலேஜிலிருந்து வந்த பிறகு ஒருநாளும் மின்னவில்லை.

"ஒனக்குப் பிரமைம்மா" என்றாள் ஹரிணி.

பிரகதீஸ்வரி நம்பவில்லை. அவள் மனதில் ஒரே ஆள்தான் இருந்தான்: இரண்டாம் மாடிக் கண்ணன். வீடு ஒதுக்கிய பிறகு அவன் அம்மா அழகம்மாள் வழுக்கி விழுந்து, முதுகெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். அவனுக்குத் தரைத்தளத்தில் வீடு வேண்டும். போன மாதம் குடியிருப்பு ஆபீசில் அவன் கையிலிருந்த மனுவில் தன் வீட்டு நம்பரைப் பார்த்திருந்தாள். அதிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் அவன் முகம் கொடுப்பதில்லை. பகலில் வேலைக்குப் போகிறவன்தான். ஆள் வைத்துச் செய்ய முடியாதா என்ன?

வியாழக்கிழமை மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசல் சுவிட்ச் மேலேயே கண்ணாக இருந்தாள். விளக்கு மின்னியது. சுவிட்சில் யார் கையும் இல்லை.

வெளியே போய்ப் பார்த்தாள். சுவிட்சுப் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு வெள்ளை வயர் படிக்கட்டுச் சுவரோடு மேலே ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். வயர் கண்ணன் வீட்டு நிலைக்கு மேலே உள்ளே நுழைந்தது.

"அதானே பாத்தேன்!" என்று சத்தமாகவே சொல்லிக் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை.

அழகம்மாள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். ஒரு கால் போர்வையில் சிக்கியிருந்தது. கையில் வயரோடு ஒரு சுவிட்சு. அதை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வர மனசு வந்துச்சாடி ஷீபா?" என்று உதடு அசைந்தது. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நீ கீழ்வீட்டுப் புள்ளையில்ல?"

பிரகதீஸ்வரி அவளைத் தூக்கிப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சுவிட்சை அமுக்கினால் மணி அடிக்க வேண்டியது, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஷீபாவிடம்.

"ஒரு வாரமா அமுக்குறேன் தாயி. கேட்டும் கேக்காத மாதிரி இருக்காளேன்னு அவ மேல ஆத்திரம். சண்டை வேணாம்னு மகன்கிட்டகூடச் சொல்லல."

வசதி செய்ய வந்த ஆட்கள் ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் வேலை பார்த்து, வயரை மாற்றி இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் கண்ணன் நன்றி சொல்லக் கீழே வந்தான். அவள் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"மனுவுல என் வீட்டு நம்பர எழுதினியா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான்.

"மொகத்தப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்தான். "எழுதினேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாலு பேரு சேந்துதான் எங்கம்மாவ எறக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் சரிந்து கிடந்த அந்த உடம்பு கண்ணைவிட்டுப் போகவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு நானும் வாரேன். பூட்டிக் கெடக்குற வீட்டக் கேப்போம். மொதல்ல என் நம்பர அடி."

ஆபீசில் அதிகாரி இரண்டையும் கேட்டுக்கொண்டார். வயரை அன்றே சரிசெய்ய ஆள் அனுப்பினார். பின் பிளாக்கில் பூட்டிக் கிடக்கும் தரைத்தள வீட்டை இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்னார். கண்ணன் கும்பிட்டு எழுந்தான். அவள் எழவில்லை.

"எந்தத் தேதின்னு எழுதிக் குடுங்க சார்."

"நம்ப மாட்டீங்களா?"

"வாயால சொல்றதுல பாதிதான் எனக்குப் புரியும்."

அவர் தேதி போட்டுக் கொடுத்தார். சாவி கைக்கு வர ஆவணி ஆனது. அதற்குள் அந்தத் தாளோடு அவளும் கண்ணனும் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தார்கள். மனுவில் ஏழாம் நம்பரை அடித்துவிட்டதாக அவன் சொன்னதையும் அவள் சும்மா ஏற்கவில்லை. ஃபைலை வாங்கிப் பார்த்தாள். அடித்திருந்தது.